ஒரு நூல் இறக்கம்

என் அக்கா கல்யாணத்தன்று சர்ச்சுக்குள் நடந்து வந்தபோது எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், மாப்பிள்ளையைத் தவிர. மாப்பிள்ளை ஆர்கனைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். அக்கா அதைக் கவனித்துவிட்டாள். தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஆராதனை முடியும்வரை அவள் அவர் பக்கமே திரும்பவில்லையாம். சாயங்காலம் விருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தபோதுதான் அவர் முதல் முறையாக அவளிடம் வாயைத் திறந்தார்.

"அந்த ஆர்கன்ல ஒரு ரீட் இறங்கியிருக்கு, கவனிச்சியா? ஒரு நூல்தான்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஸ்க்ரூ டிரைவரோடு சர்ச்சுக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் புது மாப்பிள்ளை எங்கே என்று கேட்க, அப்பா திருதிருவென்று விழித்துவிட்டு, "ஜெபம் பண்ணப் போயிருக்கார்" என்று சமாளித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் டீச்சர், வாசித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டுத் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பத்து வருஷமாகத் தொந்தரவு கொடுத்த ரீட் அது.

அத்தான் தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஷெட்டில் மோட்டார் பிரிவில் இருந்தார். ஷெட்டில் எல்லாமே நூல் கணக்கு. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அந்தக் கணக்கை அவர் காதுக்கும் கொண்டுவந்துவிட்டார். குக்கர் விசில் ஒரு நூல் ஏறியிருக்கும். பால்காரர் சைக்கிள் மணி ஒரு நூல் இறங்கியிருக்கும். ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வரிசை தள்ளித்தான் அவர்கள் வீடு. நான் அங்கே போய் டேப் ரெக்கார்டரில் ஒரு பாட்டு போட்டால் போதும், உள்ளேயிருந்து குரல் வரும்: "மச்சான், பெல்ட் லூசு. நிறுத்து." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும் காது இருக்கிறது, நானும் சர்ச் குயரில் பாடுகிறவன்தான். அவர் சொல்லும் வித்தியாசம் எனக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் லூசாகத்தான் இருக்கும். அதுதான் எரிச்சல்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு நாள் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"இன்னா சார், டீ நல்லா கீதுல்ல?" என்று கடைக்காரர் பதறினார்.

"டீயில ஒண்ணுமில்லப்பா. உன் ஸ்பீக்கர்ல பாடறவர் ஜுரத்துல பாடற மாதிரி பாடறாரு. அந்த மெஷினை மொதல்ல பாரு."

"எனுக்கு ஒண்ணும் தெர்லியே சார்" என்றார் கடைக்காரர். எனக்கும் தெரியவில்லை என்று சொல்லி அவருக்குத் துணை நின்றேன்.

இப்படிப்பட்டவர் கிட்டார் வாசித்தால் எப்படி இருக்கும்? வாசிக்க மாட்டார், சுதி சேர்த்துக்கொண்டே இருப்பார். சர்ச் இளைஞர் கூட்டம் ஒரு முறை கோவளத்துக்குப் பிக்னிக் போனது. கடற்கரையில் வட்டமாக உட்கார்ந்து, அண்ணா வாசிங்க, அண்ணா வாசிங்க என்று எல்லாரும் கெஞ்சினார்கள். அவர் தந்தி முறுக்கும் கீயைத் திருக ஆரம்பித்தார். உப்புக் காற்றில் தந்தி நிற்க மாட்டேன் என்றது. நாங்கள் பாடி முடித்து, சாப்பிட்டு முடித்து, படகு விடுகிறவர்களோடு வம்பளந்துவிட்டு வந்தோம். நாலு மணிக்குப் பஸ் வந்து நின்றது. "இப்போ சரியாயிடுச்சு, வாங்க பாடலாம்" என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சுதி மறுபடி இறங்கிவிட்டது.

"இந்த மனுஷனுக்குக் காது மட்டும் இல்லாம இருந்தா எவ்வளவு நிம்மதியா இருப்பேன்" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சம்பளம் வந்த மறு சனிக்கிழமை மவுண்ட் ரோடு போவோம். நான் தாம்பரம் ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க், ஷிஃப்ட் இல்லாவிட்டால் நானும் கூடப் போவேன். அங்கே இருந்த கிட்டார் கடைகளில் அத்தானைத் தெரியாத ஆள் இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் ஒவ்வொன்றையும் இறக்கச் சொல்லி, சுதி சேர்த்து, இரண்டு நிமிஷம் வாசித்து, "கழுத்து ஒரு நூல் வளைஞ்சிருக்கு" என்று திருப்பிக் கொடுப்பார். வாங்க மாட்டார். கடைக்காரர்களும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர் வந்து போனால் கடையிலுள்ள அத்தனை கிட்டாரும் சுதி சேர்ந்துவிடும் அல்லவா?

"கல்கத்தாவுல இருக்கு மச்சான்" என்பார் திரும்பி வரும் ரயிலில். "இங்க கெடைக்காது."

கல்யாணத்துக்கு முன்னால் பயிற்சிக்காக அவரைக் கல்கத்தாவுக்கு மூன்று மாதம் அனுப்பியிருந்தார்கள். அந்த மூன்று மாதத்தைப் பற்றி அவர் பேசியதை எல்லாம் சேர்த்தால் முப்பது வருஷம் வரும். அங்கே ஒரு தெரு முழுக்க வாத்தியக் கடைகள். கடை வாசலிலேயே கிட்டார் செய்துகொண்டிருப்பார்கள். ஒரு ரெஸ்டாரண்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே மேடை போட்டு வாசிப்பார்கள். சாப்பிடுகிறவர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டுவார்கள். பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு ஒன்று இருக்கும், அதைக் கடைசியில்தான் சாப்பிட வேண்டும்.

"பிரியாணியில உருளைக்கிழங்கு போடற ஊரு. அதுக்கு இவ்வளவு பெருமை" என்பாள் அக்கா.

"ஒரு நாளாவது நீ அந்த பேண்டைக் கேக்கணும் மச்சான்" என்று அவர் என்னிடம் மட்டும் சொல்வார். "ஆறு பேர். ஆறு பேரும் ஒரே சுதி. ஒரு நூல் கூட இப்படி அப்படி இல்ல. அப்படி ஒண்ணை நான் அதுக்கப்புறம் கேக்கவே இல்ல."

ஒவ்வொரு வருஷமும் ரயில்வே பாஸுக்கு எழுதிப் போடுவார். தாம்பரம் டு ஹவுரா. பாஸ் வரும். அதற்குள் எங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன், ஷெட்டில் லீவ் இல்லை, குழந்தைக்கு அம்மை என்று ஏதாவது வந்து தேதி கடந்துவிடும். தேதி கடந்த பாஸ்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி எழுதிப் போடுவார்.

எப்போது ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. தொண்ணூறுகள் தொடங்கிய சமயம். அவர் எப்போதும் எதையாவது ஏறியிருக்கு, இறங்கியிருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்ததால், சொன்னது தப்பாகப் போக ஆரம்பித்தது யாருக்கும் உறைக்கவில்லை. குயரில் பெண்கள் எல்லாரும் ஒரு நூல் ஏற்றிப் பாடுகிறார்கள் என்றார். புதிதாக வாங்கிய டேப் வேகமாக ஓடுகிறது என்றார். நான் பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். சரியாக இருந்தது. இந்த ஒரு தடவை மனுஷன் தோற்றுவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அப்படிச் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவருடைய கிட்டாரில் கீழ்த் தந்திகள் நான்கும் ஒழுங்காக இருக்கும். மெல்லிய மேல் தந்திகள் இரண்டும் ஏறியிருப்பதாகச் சொல்லி இறக்கிவிடுவார். கேட்கிற எங்களுக்கு அந்த இரண்டும் அழும். "கழுத்து வளைஞ்சிருச்சு மச்சான். தாம்பரத்து வெயிலும் மழையும் சேர்ந்து வளைச்சிருச்சு" என்பார். மரத்தில் ஒரு வளைவும் இல்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்தவன் நான்.

டிசம்பரில் கேரல் சர்வீஸ் ஒத்திகை முடிந்து ஆர்கன் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குயருக்குக் கிட்டார் வாசிப்பவர் அத்தான், ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

"தம்பி, உங்க அத்தானுக்கு என்னமோ ஆயிடுச்சு. நான் எப்படிச் சொல்வேன்? இந்த ஆர்கனையே அவர்தான் வாசிக்கிற மாதிரி பண்ணிக் குடுத்தாரு."

"நான் சொல்றேன் டீச்சர்."

"வேண்டாம்ப்பா. மனசு ஒடிஞ்சிடுவாரு. நீ அவரு வால்யூம் நாபை மட்டும் கொஞ்சம் குறைச்சு வச்சிடேன்."

கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் கேட்டது. சுழிக்கே, சத்தமே வராத இடத்துக்கே, கொண்டுபோய்விட்டேன். கிட்டாரிலிருந்து ஒயர் வரும், ஆம்பில் சொருகியிருக்கும், சிவப்பு விளக்கு எரியும். ஸ்பீக்கரில் அவர் இருக்க மாட்டார். அக்காவுக்கும் சொன்னேன். "சரி, அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அந்தக் கேரல் சர்வீஸ் முடிந்ததும் அவர் வேகமாக என்னிடம் வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். "இந்த வருஷம்தான் மச்சான், என் கிட்டார் தனியாத் துருத்திக்கிட்டு நிக்கல. அப்படியே கலந்துருச்சு. கவனிச்சியா?"

"ஆமா அத்தான்" என்றேன். அடுத்த வருஷமும் அதே நாப், அதே சுழி.

அதற்கடுத்த பிப்ரவரியில் கல்கத்தா கிளம்பினோம். இந்த முறை பாஸ் தேதி கடக்கவில்லை. எனக்கும் பாஸ் இருந்தது, அக்காதான் கூடப் போகச் சொன்னாள். "நல்ல கிட்டார் ஒண்ணு கெடைச்சா எல்லாம் சரியாயிடும்னு நம்பறாரு. நீ கூட இருடா" என்றாள். சரியாகாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் சொன்ன தெரு அங்கேயே இருந்தது. டிராம் போகிற தெருவில் இரண்டு பக்கமும் வாத்தியக் கடைகள், தபலா, ஹார்மோனியம், நடுநடுவே கிட்டார். மர வாசனையும் வார்னிஷ் வாசனையும் கலந்து அடித்தது. சாயங்காலத்துக்குள் பதினோரு கடை ஏறி இறங்கினோம். மண் கோப்பையில் டீ குடித்தோம், முட்டை போட்டுச் சுருட்டிக் கொடுத்த பரோட்டாவை நின்றுகொண்டே சாப்பிட்டோம். அவர் முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு கடையிலும் அதே கதை. எடுப்பார், சேர்ப்பார், மேல் தந்தியை மீட்டுவார், முகம் சுளிப்பார்.

மறுநாள் காலை ஒரு கடையில் இளைஞன் ஒருவன் மேஜை டிராயரிலிருந்து கையகலப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். தந்தியை மீட்டினால் பெட்டியில் ஒரு முள் ஆடும். சுதி சரியாக இருந்தால் முள் நடுவில் நின்று பச்சை விளக்கு எரியும். அதைப் பார்த்துப் பார்த்து ஆறு தந்திகளையும் சேர்த்து அவரிடம் நீட்டினான்.

அத்தான் மேல் தந்தியை மீட்டினார். "ஏறியிருக்கு."

"சரியாக இருக்கிறது சார்" என்றான் இங்கிலீஷில். முள் நடுவில் நின்றது.

"உன் மெஷின் தப்பு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். எதிர்க் கடையிலும் அதே மாதிரி ஒரு பெட்டி இருந்தது. அங்கேயும் முள் நடுவில் நின்றது, பச்சை விளக்கு எரிந்தது. கடைக்காரர் வாயைப் பொத்திச் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மச்சான், நீ சொல்லு. மேல் தந்தி எப்படி இருக்கு?"

இந்தக் கேள்விக்குத்தான் மூன்று வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஒரு நூல் ஏறியிருக்கு அத்தான்."

அவர் தலையாட்டிக்கொண்டார். கிட்டார்த் தலைப்பக்கம் கையைக் கொண்டுபோய், கீயைப் பிடித்து, மறுபடியும் மீட்டினார். "இப்போ?"

"இப்போ சரியாயிடுச்சு."

கையைக் கீயிலிருந்து மெதுவாக எடுத்தார்.

"நான் திருகவே இல்ல மச்சான்."

தெருவில் டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போயிற்று. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்து உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"மூணு வருஷம் இருக்கும் அத்தான்."

"உங்க அக்காவுக்கு?"

"தெரியும்."

நாபைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரே நாளில் எத்தனை சொல்வது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நான் லாட்ஜுக்குத் திரும்பிவிடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. "வந்தது வந்தாச்சு. அந்த ரெஸ்டாரண்டுக்குப் போவோம். நீ கேக்கணும்" என்றார். ஆச்சரியம், அது இருந்தது. மத்தியானமே மேடையில் விளக்குப் போட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர் இப்போது நாலு பேராகியிருந்தார்கள். பிரியாணி வந்தது. உருளைக்கிழங்கை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு, வலது காதைக் கையால் பொத்திக் கேட்டார். பிறகு இடது காதைப் பொத்திக் கேட்டார். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருந்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் பார்த்தார்கள். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த கிட்டார்க்காரன் எப்படி மச்சான்?"

"பிரமாதமா வாசிக்கிறான் அத்தான்." உண்மையாகவே பிரமாதமாக வாசித்தான். அவர் சொன்னபடி, ஒரு நூல் இப்படி அப்படி இல்லை.

அவர் என்னையே பார்த்தார். கோபமில்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நீ சொல்றது நெஜந்தான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவர் காதுக்குப் பதிலாக என் காதை அவருக்குக் கொடுத்திருக்கலாம், அந்தப் பொய்யால் அதையும் நானே கெடுத்துக்கொண்டேன். உருளைக்கிழங்கு தட்டில் அப்படியே கிடந்தது. கிட்டார் வாங்காமல் ஊர் வந்து சேர்ந்தோம்.

அக்கா அவரைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு காதில் கேட்பது ஒரு மாதிரி, இன்னொரு காதில் கேட்பது வேறு மாதிரி, மேல் சத்தங்கள் ஏறிக் கேட்கும், நரம்பு விஷயம், பழையபடி ஆகாது என்றார் டாக்டர். எதனால் என்று கேட்டதற்கு நாலைந்து காரணம் சொல்லி, எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார். "நான்தானே வாய் வச்சேன்" என்று அக்கா வீட்டுக்கு வந்து அழுதாள். அவர்தான் அவளைத் தேற்றினார். மோட்டார் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிற மனுஷன், தானே எழுதிக் கேட்டு ஸ்டோர்ஸ் பிரிவுக்கு மாறிக்கொண்டார். அங்கே நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு நூல் என்று அவர் சொல்லிக் கேட்பது நின்றுபோனது. குக்கர் விசில் அடித்தால் அக்கா அனிச்சையாக அவர் பக்கம் திரும்புவாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

அந்த டிசம்பர் ஒத்திகைக்கு வந்தார். டீச்சரிடம் கிட்டாரைக் கொடுத்து, "நீங்களே ஆர்கனோட வச்சு சேர்த்துக் குடுங்க டீச்சர்" என்றார். டீச்சர் கண் கலங்கச் சேர்த்துக் கொடுத்தார். ஆம்ப் போடாத ஒத்திகை அது. முதல் பாட்டு அருமையாக வந்தது. இப்படி ஒரு வழி இருக்கிறதே, இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டின் நடுவில் அவருடைய இடது கை தானாக மேலே போய் மேல் தந்தியின் கீயைத் திருகி இறக்கியது. அவருக்கே தெரியாது. நாங்கள் எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு பாடினோம். ஆனால் அவர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டார். இப்போது அவருக்குப் பார்க்கத் தெரிந்துவிட்டது.

கேரல் சர்வீஸ் சாயங்காலம் ஆறு மணிக்கு. ஐந்தரைக்கே வெள்ளைச் சட்டையில் வந்தார். கிட்டாரை நாற்காலியில் வைத்து ஒயரைச் சொருகிவிட்டு நேராக நான் இருக்கும் மூலைக்கு வந்தார்.

"மச்சான், இதுல என்னோட நாப் எது?"

காட்டினேன். "எதுக்கு அத்தான்?"

"ஜனங்க பாட்டு கேக்க வராங்க. நான் கெடுக்கக் கூடாது. நான் வெறுமனே வாசிச்சுக்கறேன், சத்தம் வெளிய வர வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து நாபைப் பிடித்தார். அது திரும்பவில்லை. அழுத்தித் திருகிப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

அது சுழியில் இருந்தது. சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாக, பழக்க தோஷத்தில், நான் வைத்திருந்தேன்.

"ஓ, நீயே வச்சிட்டியா" என்று நிமிர்ந்தார். சிரிக்கப் போனார். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. "இன்னிக்கு மட்டுமா?"

கல்கத்தாவில் சொன்ன பொய் போதும் என்று தோன்றியது.

"இது மூணாவது வருஷம் அத்தான்."

அவர் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்ச்சில் ஜனங்கள் வந்து நிரம்பிக்கொண்டிருந்தார்கள். யாரோ "ஸ்தோத்திரம் அண்ணா" என்றார்கள். அவரும் பதிலுக்குச் சொன்னார்.

"அப்படியே கலந்துருச்சுன்னு சொன்னேன்ல" என்றார் என்னிடம்.

நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் என் கையை மெதுவாக விலக்கி, நாபின் மேல் இருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு ஒன்பது பாட்டு. ஒன்பதுக்கும் வாசித்தார், ஓர் இடம் விடவில்லை. ஆம்ப் மூலைக்கு அடுத்தே அவர் நாற்காலி இருந்ததால் எனக்கு மட்டும் அந்தக் கிட்டார் கேட்டது. மேல் தந்தி ஒரு நூல் இறங்கியிருந்தது.